குளிர்நீரில் கிடக்கும் நீராவிக் கப்பலுக்கு விழிஞத்திலிருந்து ஒரு வழி

விழிஞத்தில் சிப்பி எடுக்கிற அண்ணன் ஒருவரிடம், கனடாவில் 40 மீட்டர் ஆழத்தில் கிடக்கிற கப்பலைப் பார்க்க முங்கினேன் என்று சொன்னேன். “அங்க சிப்பி உண்டா மக்ளே?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பின்ன எதுக்கு முங்கின?” அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் எப்படி முங்குவது என்று கேட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்காகவும், தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும் நீச்சல் மட்டும் தெரிந்த மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் நேராகக் கடலில் குதிக்க வேண்டாம். பயிற்சியாளர் கட்டாயம் வேண்டும். எதை எந்த வரிசையில் கற்பது, எதை நம்ம கடலிலேயே முடித்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கப்பல். எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து, 1906இல் ஓடத் தொடங்கிய பயணிகள் நீராவிக் கப்பல். 1914 மே 29 அதிகாலை, செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்தில், மூடுபனியில் ஸ்டோர்ஸ்டாட் என்ற நார்வே நிலக்கரிக் கப்பல் அதன் விலாவில் இடித்தது. 14 நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் 1,012 பேர். லண்டன் மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கனடா இரட்சணிய சேனைக்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள், பெரும்பாலானோர் கரை சேரவில்லை. நாகர்கோவிலில் அதே சேனை நடத்துகிற கேதரின் பூத் ஆஸ்பத்திரியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றவில்லை. நான் அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 1: டாக்டர், அப்புறம் கோவளம்

காது, நுரையீரல், இதயம் மூன்றையும் காட்டிவிட்டு வாருங்கள். ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள். கோவளத்தில் ஓப்பன் வாட்டர் என்கிற முதல் ஸ்கூபா பயிற்சியைப் படித்தால் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்த அட்வான்ஸ்டுக்கு 30, டீப் பயிற்சிக்கு 40. மழைக்காலத்தில் கடல் கலங்கிக் கிடக்கும், அக்டோபருக்குப் பிறகு போங்கள். மூன்று சான்றிதழையும் ஒரே மாதத்தில் வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடன் நான் முங்க மாட்டேன். நடுநடுவே நாற்பது ஐம்பது முறையாவது சும்மா முங்கிவிட்டு வர வேண்டும்.

படி 2: மணலைக் கிளப்பாமல் நீந்துவது

உடைந்த கப்பலுக்குள் நூறு வருட வண்டல் இருக்கும். காலில் மாட்டுகிற துடுப்பை மேலும் கீழும் அடித்தால் ஒரு நொடியில் எல்லாம் பால்போல ஆகிவிடும். தவளை மாதிரி காலைப் பக்கவாட்டில் விரித்து உதைக்கப் பழகுங்கள். விழிஞத்துப் பாருகளுக்கு, அதாவது கடலடிப் பாறைகளுக்குப் பக்கத்தில் அடிமணலுக்கு ஒரு முழம் மேலே, எதையும் தொடாமல், ஐந்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது மணல் கிளம்பியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

படி 3: ரப்பர் தோட்டத்தில் கயிறு

இதற்குத் தண்ணீரே வேண்டாம். வழிகாட்டி நூல் சுற்றிய ரீலை எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போங்கள். முதல் மரத்தில் இரண்டு சுற்று கட்டி, அடுத்தடுத்த மரங்களில் ஒவ்வொரு சுற்று போட்டு, நூலைத் தொய்வில்லாமல் இழுத்துக்கொண்டே நாற்பது மரம் தாண்டுங்கள். அப்புறம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலும் பெருவிரலும் சேர்ந்த வளையத்துக்குள் நூலை விட்டு, அதைப் பிடித்து இழுக்காமல் திரும்பி வர வேண்டும். முதல் தடவை நான் பால் கிண்ணம் ஒன்றில் இடித்துச் சட்டை முழுக்க ரப்பர் பால். பால் வெட்ட வந்த அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். எம்ப்ரஸ் வலது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அதனால் தரை சுவராகவும், நடைபாதை கிணறாகவும் மாறியிருக்கும். கண் சொல்வதை அங்கே நம்ப முடியாது, நூலைத்தான் நம்ப வேண்டும். ஆரம்பக்காரர் உள்ளே போகவே வேண்டாம் என்பது வேறு விஷயம். வெளியே சுற்றுவதற்கும் ஏறுகயிற்றைத் திரும்பக் கண்டுபிடிப்பதற்குமே இந்தப் பயிற்சி தேவைப்படும்.

படி 4: காற்றுக் கணக்கு

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் (அழுத்தத்தின் அளவு) கூடும். மேலே இருக்கிற காற்றின் 1 பாரையும் சேர்த்து 40 மீட்டரில் மொத்தம் 5 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் கீழே 100 லிட்டர் எடுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர், அதாவது 24 நிமிடத்தில் காலி. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று பிரித்தால் போவதற்குக் கிடைப்பது 8 நிமிடம். இதில் இறங்கவும் ஏறவும் ஆகிற காற்றைக் கழிக்கவே இல்லை. குளிரிலும் பதற்றத்திலும் மூச்சு இன்னும் கூடும். அதனால்தான் அங்கே இரட்டைச் சிலிண்டர்.

30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மயக்கம் தலைகாட்டும். கள் குடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. ஆழமும் நேரமும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டரில் இருந்த எண்ணை மூன்று முறை வாசித்தும் மனதில் நிற்கவில்லை, அவ்வளவுதான். அதுதான் பயம். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனைக் கூட்டிய காற்று, அதையும் படித்துவிடுங்கள்: 28 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு 40 மீட்டர்தான் எல்லை, அதற்குக் கீழே ஆக்சிஜனே விஷம். இன்னும் ஆழமான கப்பல்களுக்கு ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் வேண்டும். அது வேறு படிப்பு, வேறு செலவு.

படி 5: குளிர்

இதுதான் நம்ம ஊரில் கிடைக்காதது. இங்கே தண்ணீர் 28 டிகிரி. அங்கே அடியில் 4 டிகிரிக்குப் பக்கம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சும். வெட் சூட் என்கிற, தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் உடை ஆழத்தில் நசுங்கி மெலிந்துவிடும் என்பதால், தண்ணீர் புகாத டிரை சூட் தேவை. அதற்குள் காற்று இருக்கும், உள்ளே கம்பளி உடை. தலைகீழானால் காற்றெல்லாம் காலுக்கு ஓடி, உங்களைப் பலூன்போல மேலே தூக்கிவிடும். உடனே உடம்பைச் சுருட்டி உருண்டு நிமிர்ந்து, தோளில் இருக்கிற வால்வைத் திறக்க வேண்டும். இதை அந்த நாட்டில் ஆழமில்லாத ஏரியில் பத்து தடவையாவது செய்யாமல் கப்பல் பக்கம் போகாதீர்கள்.

கைக்கு மட்டும் இங்கேயே ஒரு பயிற்சி உண்டு. துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் ஒரு பெட்டி ஐஸ் வாங்கித் தண்ணீர் ஊற்றுங்கள். தடித்த கையுறை போட்டு மூன்று நிமிடம் கையை உள்ளே வைத்துவிட்டு, அதே கையால் கொக்கியைக் கழற்றி மாட்டுங்கள், ஸ்லேட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள். என் கையெழுத்தை நானே வாசிக்க முடியவில்லை. விரல் மரத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள், வீரம் வேண்டாம்.

அடுத்தது ரெகுலேட்டர், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தருகிற கருவி. சிலிண்டரிலிருந்து காற்று விரியும்போது குளிரும். சுற்றியுள்ள நீரும் குளிர் என்றால் உள்ளே பனி பிடித்து, வால்வு திறந்தபடியே நின்று, காற்று கொட்டத் தொடங்கும். குளிர்நீருக்கென்று மூடி செய்த ரெகுலேட்டர் இரண்டு, தனித்தனி வால்வில் வேண்டும். நான் செய்த தப்பு: படகில் நின்றுகொண்டே சரிபார்க்கிறேன் என்று நாலைந்து முறை மூச்சு இழுத்தேன். என் ஈர மூச்சு உள்ளே உறைந்திருக்க வேண்டும். 12 மீட்டரில் காற்று சீறியது. மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்தேன், கூட்டாளி பின்னாலிருந்து வால்வை மூடினார், ஏறிவிட்டோம். அன்றைக்கு அவ்வளவுதான். கப்பலைப் பார்த்தது இரண்டு நாள் கழித்து. மேலே நின்று சோதிப்பதென்றால் லேசாக ஒரே ஒரு மூச்சு போதும்.

படி 6: கப்பலில்

மிதவைக் கயிற்றைப் பிடித்தே இறங்கி, அதிலேயே ஏறுங்கள், நீரோட்டம் பலம். எதையும் எடுக்காதீர்கள், ஒரு பீங்கான் துண்டுகூட. 1999 முதல் கியூபெக் அரசின் பாதுகாப்பில் இருக்கிறது, அதைவிட அது கல்லறை. விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தது ஒரு வட்ட ஜன்னல். விளிம்பு முழுக்கக் கடல் சாமந்திகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. அந்த ஒரு ஜன்னலிலேயே என் நேரம் தீர்ந்துவிட்டது.

படி 7: ஏறுவது

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காகக் கம்ப்யூட்டர் சொல்கிற நிறுத்தங்களில், நடுங்கினாலும் நின்றே ஆக வேண்டும். நீங்கள் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் இந்தக் கடைசி நிறுத்தத்துக் குளிர்தான் முடிவு செய்யும், அதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். பிறகு 24 மணி நேரம் விமானம் கிடையாது. கோவளத்தில் பயிற்சி முடித்த அன்றைக்கும் இதே கதைதான்: சாயங்காலம் பொன்முடிக்கு வண்டியை விடாதீர்கள். அது 1,100 மீட்டர் உயரம், உடம்பில் மிச்சமிருக்கிற நைட்ரஜனுக்கு மலையும் விமானமும் ஒன்றுதான். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள்.