அயனின் பருமனை அணுவோடு ஒப்பிடுவது எப்படி?

சோடியம் அயன் சோடியம் அணுவைவிட ஏன் சிறியது என்று யாழ்ப்பாணத்து உயர்தர மாணவரிடம் கேட்டால், ஓர் இலத்திரன் குறைந்துவிட்டது என்ற விடையே பெரும்பாலும் வரும். அது பிழையன்று; ஆனால் முழுப் புள்ளி பெறப் போதாது. 11 இலத்திரன்களில் ஒன்று போனதற்கு ஆரை 186 பிக்கோமீற்றரிலிருந்து 102 வரை ஏன் சுருங்க வேண்டும்?

முதலில் இலத்திரன் நிலையமைப்பை எழுதுங்கள். அணு 2, 8, 1; அயன் 2, 8. மூன்றாம் சக்திமட்டத்தில் தனித்திருந்த இலத்திரன் நீங்கியதால் அந்த மட்டமே வெறுமையாகிவிட்டது; எஞ்சிய 10 இலத்திரன்களையும் 11 புரோத்தன்கள் இழுக்கின்றன. குளோரீனிலோ 2, 8, 7 என்பது 2, 8, 8 ஆகிறது. மட்டம் கூடவில்லை, புரோத்தன்களும் அதே 17தான். எனினும் இலத்திரன்களுக்கிடையிலான தள்ளுகை மிகுவதால் குளோரைட்டு அயன் அணுவைவிடப் பெரிதாகிறது. அணுவுக்கு 99, அயனுக்கு 181 என்று அட்டவணையில் காண்பீர்கள். ஆனால் முன்னது குளோரீன் மூலக்கூற்றின் பிணைப்பு நீளத்தில் பாதி, பின்னது பளிங்கிலிருந்து பெறப்பட்டது. ஆகவே எது பெரிது என்பதை மட்டும் நம்புங்கள், எத்தனை மடங்கு என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

அயன் ஆரைகளைத் தமக்குள் கூட்டிப் பார்ப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனையிறவு உப்பில் ஒரு பரலை எடுத்துக்கொண்டால், அதனுள் அடுத்தடுத்துள்ள சோடியம், குளோரைட்டு அயன்களின் மையங்களுக்கிடையே உள்ள தூரம் 282 பிக்கோமீற்றர். 102ஐயும் 181ஐயும் கூட்டினால் 283.

இரு அயன்களின் இலத்திரன் எண்ணிக்கை சமமாயின் புரோத்தன்களை எண்ணினாலே போதும்; அவை கூடியதே சிறியது. 10 இலத்திரன் கொண்ட ஒட்சைட்டு 140, புளோரைட்டு 133, சோடியம் 102, மகனீசியம் 72, அலுமினியம் 54 என்று வரிசை இறங்குகிறது. ஒரே மூலகத்தின் இரு அயன்களில் நேரேற்றம் கூடியதே சிறியது. இரும்பு அதற்கு உதாரணம்.

இந்த இரு விதிகளும் பொருந்தாத இடத்தில்தான் அவதானம் தேவை. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படிவதில் கல்சியம் அயன் உள்ளது. அதற்குச் சோடியம் அயனைவிட ஒரு சக்திமட்டம் கூட. ஆனால் 18 இலத்திரன்களை 20 புரோத்தன்கள் இழுப்பதால் ஆரை 100 பிக்கோமீற்றர்தான். இத்தகைய சோடியை ஊகத்தால் தீர்க்க முயலாமல் அட்டவணையைப் பாருங்கள்.