முதலீட்டாளருக்கு எழுதும் மாதக் கடிதம்: எங்கே தவறுகிறோம்?

மே மாதம் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைப் பழுது பார்ப்பதும் வலையைச் சரிசெய்வதும்தான் அப்போது அங்கே நடக்கிற வேலை. அந்தத் துறைமுகத்திலிருந்து ஓட்டல்களுக்கு மீன் கொண்டுசேர்க்கும் சிறு ஸ்டார்ட்அப் ஒன்றுக்கு, தண்டையார்பேட்டையில் உள்ள என் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறோம். நடத்துபவர்கள் இரண்டு இளைஞர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் அவர்கள் முதலீட்டாளர்களுக்கு எதுவும் எழுதவில்லை. ஜூனிலும் எழுதவில்லை. "விற்பனை எழுந்ததும் சேர்த்து எழுதிவிடுகிறோம், சார்" என்றார்கள்.

ஜூலை முதல் வாரம் அவர்களுடைய முதலீட்டாளர்களில் ஒருவர் என் அலுவலகப் படியேறி வந்தார். பெரம்பூர்க்காரர். பணி ஓய்வில் கிடைத்த தொகையிலிருந்து ஐந்து லட்சம் போட்டவர். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "தம்பிகள் கடையை மூடிவிட்டார்களா?" என்று கேட்டார். விற்பனை சரியும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வட சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தடைக்காலம் தெரியாதா? இரண்டு மாதமாக ஒரு வரிகூட வராததுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்திருந்தது.

கெட்ட மாதத்தில் வாய்மூடிப் போவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். இதில் பணம் போட்டவரின் மனவருத்தம் ஒரு பக்கம், தொழிலுக்கு வருகிற நஷ்டம் இன்னொரு பக்கம். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். பழவேற்காட்டில் நாட்டுப்படகு வைத்திருக்கும் சிலரைப் பெரம்பூர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் அவரே பேசி முடித்திருப்பார். அதை ஜூலையில் என்னிடம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

மறு ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி அந்த இளைஞர்கள் அனுப்பிய கடிதத்தின் தொடக்கம் இது: "15ஆம் தேதி முதல் விசைப்படகு மீன் வராது. விற்பனை பாதிக்கும் கீழே போகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். தினமும் 150 கிலோ நாட்டுப்படகு மீன் கிடைத்தால் பதினோரு ஓட்டல்களை இழக்காமல் இருப்போம். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் யாரையாவது தெரிந்தால் 10ஆம் தேதிக்குள் எங்களிடம் பேசுங்கள்." உதவி கேட்பது என்றால் இப்படிக் கேட்க வேண்டும். என்ன வேண்டும், எவ்வளவு, எப்போதுக்குள் என்று மூன்றும் இருக்கிறது. "தங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம்" என்று முடிகிற கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் படிப்பவர் என்னதான் செய்வார்?

அடுத்தது வருவாய். இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் பலரும் தெரியாமலே தவறுகிறார்கள். ஒரு மார்ச் மாதக் கடிதத்தில் இவர்கள் "வருவாய் 18 லட்சம்" என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது விற்ற மீனின் மொத்த மதிப்பு. அந்த மீன் இவர்களுடையது அல்ல, வியாபாரிகளுடையது. வழியில் கெட்டுப்போனால் நஷ்டமும் வியாபாரிகளுக்குத்தான். இவர்களுக்குக் கிடைப்பது 8 சதவீதக் கமிஷன். ஆக, வருவாய் 1,44,000 ரூபாய். பிறருக்காக விற்றுக் கொடுப்பவருக்குக் கமிஷன் மட்டுமே வருவாய் என்று கணக்கியல் தரநிலை 9 தெளிவாகச் சொல்கிறது. 18 லட்சத்தையும் எழுதலாம், தவறில்லை. ஆனால் "எங்கள் வழியாக விற்ற மீனின் மதிப்பு" என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ஆண்டுக் கணக்கு தணிக்கையாகி வரும்போது இரண்டு எண்களும் எப்படியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பெரிய எண்ணை மட்டும் பார்த்து வந்தவருக்கு அன்று ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும்.

கையிருப்பைச் சொல்லாமல் விடுவது இதைவிட ஆபத்தானது. வங்கியில் 24 லட்சம், வரவு போக மாதச் செலவு 4 லட்சம் என்றால் ஆறு மாதம் ஓடும். இவர்கள் ஒன்பது மாதம் என்று எழுதியிருந்தார்கள். எப்படி என்று கேட்டேன். ஓட்டல்கள் தர வேண்டிய 12 லட்சம் பாக்கியையும் சேர்த்துக்கொண்டார்களாம். பாக்கி வந்தால்தான் பணம். அதேபோல், சம்பளத்தில் பிடித்த வருமான வரி அடுத்த மாதம் 7ஆம் தேதியும், பிஎஃப் தொகை 15ஆம் தேதியும் வங்கியை விட்டுப் போய்விடும். மாதக் கடைசி இருப்பில் அதெல்லாம் சேர்ந்திருந்தால், கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அளவுகோலை மாற்றிக்கொண்டே இருப்பதும் கூடாது. ஜனவரியில் செயலியைத் தரவிறக்கியவர்கள் எத்தனை பேர், பிப்ரவரியில் பதிவு செய்த ஓட்டல்கள் எத்தனை, மார்ச்சில் ஆர்டர்கள் எத்தனை என்று எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துவைத்தால், படிப்பவரால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. நான்கு எண்களை முடிவு செய்து ஓராண்டாவது அவற்றையே கொடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லி, இரண்டு மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். மீன் தொழிலில் மே மாதத்தை மார்ச்சோடு ஒப்பிட்டால் தொழில் சரிந்ததுபோலத் தெரியும். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் ஏதோ பெரிதாக வளர்ந்துவிட்டதுபோலத் தெரியும். சென்ற ஆண்டின் அதே மாதத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை நிலவரம் புரியும்.

கடிதத்தை அழகான ஸ்லைடுகளாகத் தயாரித்து இணைப்பில் அனுப்ப வேண்டியதில்லை. மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். எண்கள் மேலே, சரியாகப் போகாதது அதற்கு அடுத்து. ஒரு திரை, மிஞ்சினால் இரண்டு திரை நீளம் போதும். ஒருவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டு மற்றவர்களுக்குப் பத்து நாள் கழித்துச் சொல்வது வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நாளில் போகட்டும். ஒருவர் முகவரி இன்னொருவர் கண்ணில் படாமல் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் இத்தனை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று இருந்தால் அந்தக் கெடுதான் உங்கள் கெடு. இல்லையென்றால் மாதம் 10ஆம் தேதிக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் முந்தைய மாத வங்கிக் கணக்கைச் சரிபார்த்து முடித்துவிட முடியும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரும் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள், எங்கிருந்தோ எடுத்த அடைமொழிகளோடு. பணம் போட்ட ஏழு பேரில் ஐந்து பேர் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்க்காரர்கள். வீட்டில் தினமும் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்கள். தமிழில் எழுதச் சொன்னேன். முதல் தமிழ்க் கடிதம் போன அன்றே பெரம்பூர்க்காரரிடமிருந்து மூன்று கேள்விகளோடு பதில் வந்தது. மூன்றும் ஓட்டல் பாக்கியைப் பற்றியவை.