மியூனிக்கிலிருந்து ரீகன்ஸ்பர்க்: ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட்

மியூனிக்கில் தங்கி ரீகன்ஸ்பர்க் பார்க்கப் போகிறீர்களா? ஆளுக்கொரு டிக்கெட் எடுக்காதீர்கள், ஒரே ஒரு ‘பயர்ன் டிக்கெட்’ போதும். ஐந்து பேர் வரை அதில் சேரலாம். கூடுதல் ஆளுக்குக் கட்டணம் கொஞ்சம்தான் ஏறும். ஜெர்மனியின் பவேரியா மாநிலம் முழுக்க வட்டார ரயில்களில் அன்று முழுதும் செல்லும், மியூனிக் மெட்ரோ, டிராம், பஸ்ஸுக்கும் அதுவே. ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஸ்டேஷனிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலத்தில் நின்று டான்யூப் நதி சுழித்து ஓடுவதை அவசியம் பாருங்கள். டிக்கெட்டில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் இந்த டிக்கெட் செல்லாது. சனி, ஞாயிறில் அந்தத் தடை இல்லை. ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் ஏறவே கூடாது. ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்களில் செல்லும் மாதாந்திர ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை.