மூடுலில் ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே தடவையில் போட்டோ ஏற்றுவது எப்படி?

மூடுல் என்பது கல்லூரிகள் ஆன்லைனில் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மென்பொருள். கல்லூரி மூடுல் தளத்தில் பார்ட்டிசிபன்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் இனிஷியல் எழுத்துகளோ சாம்பல் நிற பொம்மைத் தலைகளோதான் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மாணவராகத் திறந்து போட்டோ போட்டுக்கொண்டிருந்தால் செமஸ்டர் முடிந்துவிடும். அறுபது பேர் படத்தையும் ஒரே ஜிப் ஃபைலாக ஏற்றும் வசதி மூடுலிலேயே இருக்கிறது. அதை அழுத்துவது இரண்டு நிமிட வேலை. எந்த முகம் யாருடையது என்று குழப்பமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மீதி வேலையெல்லாம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டாமாண்டு வகுப்பை எடுத்துக்கொள்கிறேன். முதலாண்டுக்கு ரெஜிஸ்டர் நம்பர் வரத் தாமதமாகும். டிப்ளமோ முடித்து நேராக வரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் இரண்டாமாண்டில்தான் வந்து சேர்வார்கள். அதனால் இந்த வேலைக்கு இரண்டாமாண்டு ஆரம்பம்தான் சரியான நேரம். மூடுலில் உங்களுக்கு அட்மின் உரிமை வேண்டும், அல்லது அந்த உரிமை உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1. பெயரை நம்பாதீர்கள், நம்பரைப் பிடியுங்கள்

படத்தின் ஃபைல் பெயரும் மூடுலில் உள்ள ஒரு விவரமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் படம் உரியவரிடம் போய்ச் சேரும். ஆள் பெயர் இதற்கு உதவாது. ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக், மூன்று பிரியதர்ஷினி சாதாரணம். இனிஷியல் முன்னால் ஒரு லிஸ்டில், பின்னால் இன்னொரு லிஸ்டில் இருக்கும். ஆங்கிலத்தில் முகமது என்பதை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும்.

ரெஜிஸ்டர் நம்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு இலக்கம்: முதல் நான்கு கல்லூரிக் குறியீடு, அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, அடுத்த மூன்று பாடப்பிரிவு (கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 104), கடைசி மூன்று வரிசை எண். லேட்டரல் என்ட்ரி மாணவர்களுக்கு அந்த வரிசை எண் 301 என்று தொடங்கும். அந்தக் கடைசி மூன்று இலக்கத்தை நினைவில் வையுங்கள், கேமரா முன்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இந்த நம்பர் மூடுல் புரொஃபைலில் ‘ஐடி நம்பர்’ என்ற கட்டத்தில் இருக்கிறதா என்று இரண்டு மூன்று மாணவர்களைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும். ‘அப்லோட் யூசர்ஸ்’ பக்கத்தில் யூசர்நேம், ஐடிநம்பர் என்று இரண்டே காலம் (நெடுவரிசை) உள்ள சிஎஸ்வி ஃபைலை, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலை, கொடுத்து, ‘இருப்பவர்களை மட்டும் புதுப்பி’ என்ற பொருளில் வரும் தேர்வைப் போட்டு, அதன் கீழே ‘இருக்கும் விவரத்தை ஃபைலில் உள்ளபடி மாற்று’ என்ற பொருளில் வரும் தேர்வையும் வைத்தால் போதும். காலம் பெயர்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். யூசர்நேமே ரெஜிஸ்டர் நம்பராக இருக்கும் கல்லூரிகளுக்கு இந்த வேலை மிச்சம்.

2. எக்ஸல் செய்யும் வேலை

நேம் லிஸ்ட்டை எக்ஸலில் திறந்ததும் ரெஜிஸ்டர் நம்பர் காலத்தைக் கவனியுங்கள். 999922104001 என்று அடித்தால் (இந்த நம்பர் நான் எடுத்துக்காட்டுக்கு எழுதியது) கட்டத்தில் 9.99922ஈ+11 என்று தெரியும். பன்னிரண்டு இலக்கம் வந்துவிட்டால் எக்ஸல் தானாகவே இப்படிச் சுருக்கிக் காட்டும். அதுவரை ஆபத்து இல்லை, உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருக்கிறது. அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தீர்களானால் கண்ணுக்குத் தெரிவதுதான் ஃபைலில் எழுதப்படும். மறுபடி திறந்தால் அறுபது பேருக்கும் 999922000000 என்று ஒரே நம்பர். அதை மீட்க வழியே கிடையாது. ஆபீசில் போய்ப் பழைய லிஸ்ட்டைத்தான் கேட்க வேண்டும்.

தடுப்பது சுலபம். அந்தக் காலம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸ் போய், ‘நம்பர்’ என்று வைத்து, தசம இடம் பூஜ்ஜியம் கொடுங்கள். முழு எண்ணும் தெரிந்த பிறகு சேமியுங்கள். சேமித்த சிஎஸ்வியைச் சரிபார்க்க எக்ஸலில் திறக்காதீர்கள், நோட்பேடில் திறந்து பாருங்கள்.

3. போட்டோ எடுக்கும்போதே நம்பரும் விழட்டும்

வாட்ஸ்அப் குரூப்பில் ‘எல்லாரும் போட்டோ அனுப்புங்க’ என்று கேட்க வேண்டாம். செல்ஃபி, கல்யாண போட்டோ, கூலிங் கிளாஸ் எல்லாம் வரும். ஃபைல் பெயரில் தேதியும் டபிள்யூஏ என்று ஏதோ எண்ணும் இருக்குமே தவிர, அனுப்பியது யார் என்று இருக்காது. ஒரு பீரியட் கேட்டு வாங்கி, வகுப்பிலேயே எடுத்துவிடுவதுதான் மிச்சம்.

மாணவர்களை ரெஜிஸ்டர் நம்பர் வரிசையில் நிற்க வையுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் மார்க்கரில் கடைசி மூன்று இலக்கத்தைப் பெரிதாக எழுதி நெஞ்சுக்குக் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். மொபைலைச் செங்குத்தாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, ஆள் நிற்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எல்லா முகமும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே இடத்தில் விழும். பின்னால் மொத்தமாக வெட்டும்போது அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

ஆளுக்கு ஒரே படம். கண் மூடிவிட்டால் அதை அங்கேயே அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். வராதவர் முறை வரும்போது வெறும் சுவரை ஒரு படம் எடுங்கள், வரிசை கலையாது. ஐபோன் என்றால் முன்கூட்டியே செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஜேபிஜிக்குப் பதில் ஹெச்இஐசி வகைப் படங்களாக வந்து நிற்கும்.

4. மொத்தமாகப் பெயர் மாற்றுவது

எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டு, அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஃபோல்டரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வையுங்கள். அது மறைந்திருந்தால் ஜேபிஜி என்பது இரண்டு முறை ஒட்டிக்கொண்ட படங்கள் உருவாகும், உங்களுக்கும் தெரியாது.

ஒரு வகுப்புதான் என்றால் எஃப்2 கீயே போதும். படங்களை எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். முதல் படத்தில் எஃப்2 அழுத்தி நம்பரை அடித்து, என்டருக்குப் பதில் டேப் அழுத்தினால் அடுத்த படத்துக்குத் தானாகவே போகும். பெயர்ப்படி வரிசைப்படுத்தி வைத்துவிட்டு இதைச் செய்தால், மாற்ற மாற்ற வரிசையும் இடம் மாறிக் குழப்பும்.

நான்கைந்து வகுப்பு என்றால் எக்ஸல் வழி நல்லது. எடுத்த நேர வரிசையிலேயே எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, முதல் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘காப்பி ஆஸ் பாத்’ கொடுங்கள் (வின்டோஸ் 10 என்றால் ஷிஃப்ட் கீயையும் பிடித்துக்கொள்ள வேண்டும்). அதை எக்ஸலில் ரெஜிஸ்டர் நம்பருக்குப் பக்கத்துக் காலத்தில் ஒட்டுங்கள். மூன்றாவது காலத்தில் ஆம்பர்சாண்ட் குறியால் இவற்றை இந்த வரிசையில் கோர்க்க வேண்டும்: ரென் என்ற கட்டளை, ஓர் இடைவெளி, ஒட்டிய பாதை, ஓர் இடைவெளி, ரெஜிஸ்டர் நம்பர், புள்ளி ஜேபிஜி. கட்டளையையும் எக்ஸ்டென்ஷனையும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. கீழே வரை இழுத்துவிட்டு, அந்தக் காலத்தை நோட்பேடில் ஒட்டி, பேட் ஃபைலாக (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat ஃபைல்) சேமித்து டபுள் கிளிக் செய்தால் கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை பெயரும் மாறியிருக்கும். ஒரே நம்பர் இரண்டு முறை வந்திருந்தால் இரண்டாவது படத்தின் பெயர் மாறாமல் பழையபடியே நிற்கும். அதைப் பார்த்தே லிஸ்ட்டில் கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம்.

5. கண்ணால் பார்க்கும் வேலை

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு படம் கூடியோ குறைந்தோ போனால் அதற்குப் பிறகு வரும் எல்லா முகமும் ஒரு நம்பர் தள்ளிப் போயிருக்கும். எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம், ஒவ்வொரு பெயரும் சரியான ரெஜிஸ்டர் நம்பராகவே இருக்கும். மூடுல் முகத்தைப் பார்ப்பதில்லை, ஃபைல் பெயரை மட்டும்தான் பார்க்கிறது. அது எந்தப் பிழையும் காட்டாமல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும்.

ஃபோல்டரை ‘எக்ஸ்ட்ரா லார்ஜ் ஐகான்ஸ்’ காட்சிக்கு மாற்றுங்கள். படத்துக்குள் சீட்டில் 017, கீழே ஃபைல் பெயரின் முடிவில் 017. இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே போனால் அறுபது பேருக்கும் சில நிமிடம்தான். மாணவர்களை முகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சுவர்ப் படங்களை இப்போது அழித்துவிட்டு, அந்த நம்பர்களை விடுபட்டவர் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. வெட்டுதல்

மூடுல் எந்தப் படத்தையும் நடுப்பகுதியை வைத்துச் சதுரமாக வெட்டிக்கொள்ளும். செங்குத்துப் படத்தில் முகம் மேல்பக்கம் இருப்பதால் அப்படியே ஏற்றினால் நெற்றி போய்ச் சீட்டு மிஞ்சும்! அதனால் நாமே சதுரமாக வெட்டிக் கொடுப்போம்.

இர்ஃபான்வியூ இலவச மென்பொருள். அதைத் திறந்து பி (B) கீயை அழுத்தினால் மொத்த மாற்றப் பெட்டி வரும். அட்வான்ஸ்டு பகுதியில் கிராப் அளவைக் கொடுங்கள். படம் 3000 அகலம், 4000 உயரம் என்றால் அகலமும் உயரமும் 3000 வைத்து, மேலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்பதை ஒரு படத்தில் பார்த்து முடிவு செய்யலாம். சீட்டு வெளியே போய்விட வேண்டும். ரீசைஸில் 512க்கு 512 கொடுங்கள். மூடுல் சேமித்து வைக்கும் பெரிய அளவே அதுதான். படுத்துக்கொண்டு வரும் மொபைல் படங்களுக்காக ஆட்டோ ரொட்டேட் என்பதையும் டிக் செய்துவிடுங்கள்.

7. ஏற்றுதல்

வெட்டிய படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். மூடுலில் சைட் அட்மினிஸ்ட்ரேஷன், யூசர்ஸ், அக்கவுன்ட்ஸ், அதன் கீழ் ‘அப்லோட் யூசர் பிக்சர்ஸ்’. ஜிப்பைக் கொடுத்து, எதை வைத்துப் பொருத்துவது என்ற இடத்தில் ‘ஐடி நம்பர்’ தேர்ந்தெடுங்கள். பழைய படத்தின் மேல் எழுதவா என்ற கேள்விக்கு முதல் தடவை ‘நோ’ என்றே இருக்கட்டும்.

எடுத்த எடுப்பில் அறுபதையும் ஏற்றாமல், மூன்று படம் மட்டும் உள்ள சின்ன ஜிப் ஒன்றை ஏற்றி அந்த மூன்று புரொஃபைலையும் திறந்து பாருங்கள். சரியென்றால் மீதியை ஏற்றலாம். முடிவில் எத்தனை பேருக்கு மாறியது, எத்தனை பிழை என்று வரும். அப்படி ஒரு யூசர் இல்லை என்ற பொருளில் பிழை வந்தால் ஃபைல் பெயரில் ஒட்டியிருக்கும் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் 1, அல்லது காலியான ஐடி நம்பர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஜிப் பெரிதாக இருக்கிறது என்று சர்வர் மறுத்தால் இரண்டாகப் பிரித்து ஏற்றுங்கள்.

வேலை முடிந்ததும் மொபைல், பென்டிரைவ், லேப் கம்ப்யூட்டர் மூன்றிலும் இருக்கும் பிரதிகளை அழியுங்கள். மொபைலில் கூகுள் போட்டோஸ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள். மாணவர்களின் படம் அவர்களுடைய தனிப்பட்ட தரவு. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது, எனவே முதலாண்டுக்கு எடுப்பதாக இருந்தால் துறைத் தலைவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

விடுபட்டவர்கள் நான்கைந்து பேர்தான் என்றால் அவர்களுக்காக இன்னொரு ஜிப் வேண்டாம். புரொஃபைலைத் திறந்து நேரடியாகப் போட்டுவிடலாம். மொட்டை அடித்துவிட்டேன், முடி வளர்ந்ததும் படத்தை மாற்றுங்கள் என்று வந்து நிற்பவருக்கும் இதே வழிதான்.