டிசம்பரிலேயே டாஃபடில் பூத்துவிட்டதா? தோட்டத்தில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

இங்கிலாந்துக்கு வந்து முதல் தோட்டம் போட்ட வருஷம், ஜனவரி முதல் வாரத்தில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனேன். வேலியோரம் இரண்டு டாஃபடில் மஞ்சளாகப் பூத்து நின்றன. மார்ச்சில் வர வேண்டியவை இப்போதே வந்துவிட்டனவே, இனி பனி விழுந்தால் செத்துவிடுமே என்று பதறி அன்றைக்கே கத்தரிக்கோலும் உரமுமாக இறங்கினேன். செய்தது அத்தனையும் தப்பு. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: உண்மையிலேயே முந்திப் பூத்ததா என்று பாருங்கள்

குளிர்காலத்தில் பூப்பதையே வழக்கமாகக் கொண்ட செடிகள் இங்கே நிறைய உண்டு. மஹோனியா, குளிர்கால மல்லி (மஞ்சளாக இருக்கும், நம் மல்லிகை வாசனையை எதிர்பார்க்காதீர்கள்), ஹெலிபோர், ஸ்னோட்ராப் எல்லாம் அந்த வகை. 'ஆட்டம்னாலிஸ்' என்று ஒரு செர்ரி மரம், நவம்பர் முதல் மார்ச் வரை இதமான நாள் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கும். இவை பூத்திருந்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, ரசித்துவிட்டு உள்ளே போய்விடலாம்.

டாஃபடில், கமேலியா, மக்னோலியா, பிளம், ஆப்ரிகாட் இவற்றில் ஏதாவது தன் காலத்துக்கு வெகு முன்னால் மொட்டு விரித்தால்தான் மேலே படிக்க வேண்டும்.

படி 2: ஏன் இப்படி என்று புரிந்துகொள்ளுங்கள்

குளிர்நாட்டு மரங்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கின்றன. முதலில் இவ்வளவு நேரம் குளிர் பட வேண்டும். ஆப்பிளில் பல வகைகளுக்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். அந்தக் கணக்கு முடிந்த பிறகு இவ்வளவு வெப்பம் சேர வேண்டும், சேர்ந்தால் மொட்டு உடையும். குளிர் சீக்கிரம் கிடைத்துவிட்டு, ஜனவரி முழுக்க 12, 13 பாகை என்று இதமாகப் போனால், வசந்தம் வந்துவிட்டது என்று மரம் நம்பிவிடும். மரத்தைக் குறை சொல்ல முடியாது.

2015 டிசம்பர் இந்த நாட்டிலேயே பதிவான டிசம்பர்களில் மிக வெப்பமானது, அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே பல ஊர்களில் டாஃபடில் பூத்தது. அது ஏதோ ஒரு வருஷத்துக் கூத்து என்றும் ஒதுக்க முடியாது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 406 வகைச் செடிகளின் பழைய பூப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1986 வரை இருந்ததோடு ஒப்பிட்டால் அதற்குப் பிந்தைய வருஷங்களில் முதல் பூ சராசரியாக ஒரு மாதம் முந்தி வந்திருக்கிறது. ஒரு மாதம்! பூ முந்திக்கொண்டாலும் உறைபனி வரும் காலம் அதே அளவுக்கு முந்தி முடிவதில்லை, தெற்கு இங்கிலாந்திலேயே மே மாதத்தில்கூடப் பனி விழும். நாம் பயப்பட வேண்டியது பூவைப் பார்த்து இல்லை, பூத்த பிறகு வரும் அந்த ஒரு தெளிந்த இரவைப் பார்த்துத்தான்.

படி 3: கிழங்குச் செடிகளை அப்படியே விடுங்கள்

டாஃபடில், ஸ்னோட்ராப், குரோக்கஸ் மூன்றும் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. பனி விழுந்த காலையில் டாஃபடில் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடக்கும், போய்விட்டது என்றே தோன்றும், பத்து பதினொரு மணிக்கு வெயில் பட்டதும் மெல்ல எழுந்து நிற்கும். இலையை மட்டும் வெட்டாதீர்கள். பூ வாடிய பிறகும் ஆறு வாரமாவது இலை இருந்தால்தான் அடுத்த வருஷத்துக்கான உணவைக் கிழங்கு சேர்த்து வைக்கும். நான் அன்றைக்கு வெட்டியது அந்த இலைகளைத்தான், அடுத்த வருஷம் அந்த இடத்தில் ஒரு பூகூட வரவில்லை.

படி 4: பழ மரங்களுக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள்

பூ கருகினால் அந்த வருஷம் காய் இல்லை என்பதால் உழைப்பு முழுவதும் இங்கேதான் போக வேண்டும். இறுக மூடிய மொட்டு நல்ல குளிரைத் தாங்கும், ஆனால் விரிந்த பூ மைனஸ் 2 பாகைப் பக்கத்திலேயே கருகத் தொடங்கும்.

மாலையில் வானிலை அறிக்கையைப் பாருங்கள். அதில் சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் அளந்தது. மேகமில்லாமல், காற்றில்லாமல் இருக்கும் இரவில் தரையோரம் அதைவிடச் சில பாகை குறைவாக இருக்கும், ஆகவே 3 பாகை என்று போட்டிருந்தாலே நான் போர்த்திவிடுவேன்.

போர்த்துவதற்குத் தோட்ட ஃப்ளீஸ் துணி கார்டன் சென்டரில் கிடைக்கும், கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். அவசரத்துக்குப் பழைய பருத்திப் புடவையும் போதும், அம்மா அனுப்பிய சுங்குடி ஒன்று என் பீச் மரத்தை இரண்டு வருஷமாகக் காப்பாற்றுகிறது. நான்கு குச்சி நட்டு அதன்மேல் போர்த்துங்கள், துணி பூவைத் தொட்டால் தொட்ட இடம் உறையும். இருட்டுவதற்கு முன்னால், மண்ணில் சூடு இருக்கும்போதே மூடிவிட்டு, காலையில் பனி உருகியதும் எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் வண்டு, தேனீ எதுவும் பூவுக்கு வர முடியாது.

ஜனவரி, பிப்ரவரியில் தேனீ நடமாட்டம் குறைவு. பீச், ஆப்ரிகாட் பூத்திருந்தால் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து, நடுப்பகலில் ஈரமில்லாத நேரத்தில், பூவுக்குப் பூ லேசாகத் தடவிக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தால் நல்லது.

பனிக்குப் பிறகு தப்பித்ததா என்று தெரிய இதழைப் பார்க்காதீர்கள், அது கெடாதது போலவே இருக்கலாம். பூவின் நடுவைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பிழைத்தது, கறுத்திருந்தால் காய் பிடிக்காது.

படி 5: கமேலியா தொட்டியில் இருந்தால் இடம் மாற்றுங்கள்

கிழக்கு பார்த்த சுவரோரம் வேண்டாம். உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் நேராக விழுந்தால் சட்டென்று உருகிப் பழுப்பாகிவிடும். மேற்குப் பக்கம் நகர்த்தினால் போதும்.

படி 6: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

உரம் வேண்டாம். இப்போது போட்டால் இளந்தளிர் கிளம்பி அடுத்த பனியில் கருகும். ரோஜாவைக் கவாத்து செய்ய பிப்ரவரி கடைசி வரை பொறுங்கள். பிளம் மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டவே கூடாது, வெட்டுக்காயம் வழியாக வெள்ளி இலை நோய் ஏறும், அதற்குக் கோடைதான் காலம்.

அப்புறம், வெளியே இதமாக இருக்கிறதே என்று கறிவேப்பிலைத் தொட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். எத்தனை தமிழ் வீடுகளில் நடந்திருக்கும் இது! டாஃபடில் தாங்கும் பனியை அது ஒரு இரவுகூடத் தாங்காது, ஜூன் வரை ஜன்னலோரமே இருக்கட்டும்.

படி 7: தேதியை எழுதி வையுங்கள்

எந்தச் செடி, முதல் பூ எந்தத் தேதி, அதற்குப் பிறகு பனி எப்போது விழுந்தது, இவ்வளவு போதும். கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் இப்படித்தான் குறிக்கத் தொடங்கினார், அவருக்குப் பிறகு அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார்கள். மேலே சொன்ன மாதிரியான ஆய்வுகள் நிற்பதே இப்படிப்பட்ட குறிப்புகளின் மேல்தான். என் குறிப்பு சமையலறை காலண்டரில் இருக்கிறது, இந்த வருஷம் முதல் டாஃபடில் ஜனவரி 9.