ஜன்னலோரத்தில் மினியேச்சர் ரோஜா: முதல் செடி வளர்ப்பவர்களுக்கு

செடி ஒரு சாண் உயரம்தான். ஆனால் வெயில் கேட்பதில் மினியேச்சர் ரோஜா பெரிய ரோஜாவுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. ஹாலில் டிவி பக்கத்தில் வைத்த செடி மொட்டுகளை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்பதற்கு வெளிச்சம் போதாததுதான் பெரும்பாலும் காரணம். அந்தக் குறையை உரம் ஈடுகட்டாது.

அதனால் செடிக்கு முன் ஜன்னலைப் பாருங்கள். கிழக்கு ஜன்னல் மிக நல்லது. இலைமேல் நேர் வெயில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் விழ வேண்டும். மேற்கு ஜன்னல் என்றால் சித்திரை, வைகாசி பிற்பகல்களில் மெல்லிய திரை போடுங்கள். சுட்ட கண்ணாடியில் ஒட்டிய இலை கருகிவிடும். வெயிலே வராத வீட்டில், செடியின் உச்சியிலிருந்து 20–30 செ.மீ. உயரத்தில் வெள்ளை எல்இடி வளர்ப்பு விளக்கைத் தொங்கவிட்டு, தினமும் 12–14 மணி நேரம் எரிய விடலாம். வீட்டுக்குள் வளருமா என்று தயங்க வேண்டாம். இன்றைய குட்டி ரோஜாக்களின் மூதாதைகளில் ஒன்றான ‘ரூலெட்டி’ கிடைத்ததே சுவிட்சர்லாந்துக் கிராமத்து ஜன்னல் தொட்டிகளில்தான்.

வாங்கி வந்த செடியை ஒரு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு அடியில் துளையுள்ள 6 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இந்தக் கலவை போதும். நர்சரிச் செடியின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருந்தால், அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வெளிப்புறக் களிமண்ணை மட்டும் மெதுவாகக் கரைத்துவிடுங்கள். அப்படியே நட்டால் சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை 2 செ.மீ. விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தேங்கினால் வேர் அழுகி, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரும்.

வீட்டுக்குள் இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் செம்பேன், அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்திப்பேன். ஏசி அறையின் வறண்ட காற்றில் மளமளவென்று பெருகும். இலையின் மேற்புறம் வெளிறிய புள்ளிகள், அடிப்புறம் மெல்லிய வலை, இதுதான் அடையாளம். தொட்டியின் வாயைப் பாலிதீனால் மூடி, செடியைச் சாய்த்து, இலைகளின் அடிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 3 நாள் இடைவெளியில் நான்கு முறையாவது செய்ய வேண்டும். காலையில் கழுவினால் இலை சீக்கிரம் உலரும். இரவெல்லாம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். அடங்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலக்கி, வெயில் இறங்கியதும், இரவுக்குள் இலை உலரும்படி தெளியுங்கள்.

உரம், 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம்.

பூ வாடியதும் காம்பை மட்டும் கிள்ளாமல், கீழே வந்து முதல் ஐந்திலைக் கொத்துக்கு அரை செ.மீ. மேலே கூரான கத்தரியால் வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து கிளம்பும் துளிரில்தான் அடுத்த மொட்டு வரும். துளிர் பல ரகங்களில் செம்பழுப்பாக இருக்கும்; நோய் என்று நினைத்துக் கிள்ளிவிடாதீர்கள்.