கேம்பர் வேனில் ஆயில் மாற்றுவது எப்போது, எப்படி? புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு விளக்கம்

வாடகைக்கு ஓடும் டிராவலர் வண்டிக்கு ஓய்வே கிடையாது. இன்று வேளாங்கண்ணி, நாளை சபரிமலை என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதே வண்டியை வாங்கி, சீட்டைக் கழற்றி, படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்து கேம்பராக மாற்றிவிட்டால் அதன் வாழ்க்கையே மாறிவிடுகிறது. நாலு நாள் மலையேறும். அப்புறம் நாற்பது நாள் வேப்பமரத்தடியில் நிற்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மீட்டரைப் பார்த்துவிட்டு, "போன ஆயில் மாத்தி மூவாயிரம் கிலோமீட்டர்தான் சார் ஆகுது, இன்னும் நிறைய ஓட்டலாம்" என்பார். வாடகை வண்டிக்கு அது சரியான பதில். உங்கள் வண்டிக்கு அல்ல.

கேம்பர் வேனில் ஆயிலைக் கெடுப்பது ஓட்டம் மட்டும் இல்லை. நிற்பதும், நின்ற இடத்தில் என்ஜினை ஓட விடுவதும்தான் பெரும்பாலும் கெடுக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை?

முதலில் உங்கள் வண்டியின் கையேட்டை எடுங்கள். பெரும்பாலான டீசல் வண்டிகளின் கையேட்டில் இரண்டு கணக்கு இருக்கும்: சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடினமான ஓட்டத்துக்கு ஒன்று. தூசி, மலைப்பாதை, முழுச் சுமை, அடிக்கடி குறுகிய தூரம், நீண்ட நேரம் நின்றபடி ஓடும் என்ஜின், இவையெல்லாம் இரண்டாவது வகையில் வரும். கேம்பர் வேன் பிறப்பிலேயே இரண்டாவது வகைதான். ஆள் ஏறாவிட்டாலும் அலமாரியும் பேட்டரியும் கட்டிலும் இறங்குவதில்லை. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே நூறு கிலோ கூடிவிடும். அதோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் என்ஜின் எப்படி உழைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பின்பற்றும் கணக்கு இது. கையேட்டில் கடினமான ஓட்டத்துக்குத் தனி அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாதாரண அளவில் பாதி. 20,000 கி.மீ. என்று போட்டிருந்தால் 10,000. 10,000 என்றால் 5,000. எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

நின்ற இடத்தில் ஏசிக்காகவோ பேட்டரி சார்ஜுக்காகவோ என்ஜினை ஓட விடுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அப்படி ஓடும் ஒரு மணி நேரத்தைச் சுமார் 40 கி.மீ. என்று எடுத்துக்கொள்வது உண்டு. கொடைக்கானல் குளிரில் ராத்திரி ஹீட்டருக்காக ஐந்து மணி நேரம் ஓடினால், மீட்டர் அசையாவிட்டாலும் 200 கி.மீ. ஓடியதாக எழுதிக்கொள்ளுங்கள். (மூடிய வேனுக்குள் தூங்கும்போது என்ஜினை ஓட விடுவது உயிருக்கே ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆயில் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.)

நிற்கும்போது ஆயில் ஏன் கெடுகிறது? டீசல் எரியும்போது தண்ணீர் ஆவியும் அமிலமும் உண்டாகின்றன. அதில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறி ஒரு அரை மணி நேரம் ஓடினால் ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். "வாரத்துக்கு ஒரு தடவை செல்ஃப் அடிச்சு அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதுதான் மோசமான யோசனை. அந்த ஐந்து நிமிடத்தில் ஈரம் சேரும், ஆனால் வெளியேறும் அளவுக்குச் சூடு வராது. ஸ்டார்ட் செய்தால் இருபது, முப்பது கிலோமீட்டர் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். முடியாது என்றால் தொடாமல் விடுவதே மேல்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். கரி நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, அதை எரித்துச் சுத்தம் செய்யும். அதற்கு நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். பாதியிலேயே நீங்கள் வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் சில வண்டிகளில் ஆயில் அளவு குறையாமல் ஏறும். ஏறினால் சந்தோஷப்படாதீர்கள்.

என்ன ஆயில்?

இந்த ஊர் வெயிலுக்குப் பெரும்பாலான டீசல் வேன்களில் 15டபிள்யூ-40 என்ற கெட்டித்தன்மை உள்ள ஆயில் ஓடுகிறது. சில புதிய வண்டிகள் 5டபிள்யூ-30 கேட்கும். கெட்டித்தன்மையை விட முக்கியம் டப்பாவில் இருக்கும் தரக் குறியீடு. பழைய பிஎஸ்3, பிஎஸ்4 வண்டிகளில் சிஐ-4 என்று கேட்டிருந்தால் அது போதும். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். கையேட்டைப் பொறுத்து சிகே-4 அல்லது ஏசிஇஏ (ACEA) சி3 போன்ற தரத்தைப் பாருங்கள். ஆயிலின் சாம்பல் டிபிஎஃப்புக்குள் போய் அடைத்தால் எவ்வளவு ஓட்டினாலும் எரியாது. அதை மாற்றும் செலவில் பல வருட ஆயில் வாங்கிவிடலாம்.

போலி ஆயில் நம் சந்தையில் உண்டு. சீல் உடையாத டப்பாவை வாங்கி உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். காலியானதும் ஆணியால் டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். அப்படியே விட்டால் அதே டப்பாவில் வேறு ஏதோ நிரம்பி இன்னொருவர் வண்டிக்குப் போகும்.

வாரண்டி காலம் முடியாத வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் கொடுத்து பில் வாங்கி வையுங்கள். கீழே சொல்லும் வேலை அதைத் தாண்டியவர்களுக்கு.

ஆயில் மாற்றும் வேலை

தேவையானவை: புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், அளவான ஸ்பேனர், ஃபில்டர் கழற்றும் பட்டை, வாய் அகன்ற பேசின், புனல், கையுறை, கொஞ்சம் பனியன் வேஸ்ட். பேசினின் கொள்ளளவை முன்பே பாருங்கள். வேன் என்ஜினிலிருந்து வருவது கார் ஆயிலை விட அதிகம்.

1. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் தங்கிய கசடோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கும் சூட்டில் வேண்டாம், கை வெந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அடியில் நுழைய இடம் இருந்தால் ஜாக்கியே தேவையில்லை. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்ட் வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

2. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். காற்று நுழைந்தால்தான் கீழே ஒழுங்காக வடியும்.

3. பேசினை வைத்து, ஆயில் சேம்பரின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை ஸ்பேனரால் லூஸ் மட்டும் செய்யுங்கள். மீதியைக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருந்தால் கடைசி மரை கழலும் வரை ஆயில் கசியாது. கழன்றதும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். ஆயில் முதலில் நேராக விழாது, தள்ளிப் பீய்ச்சும். பேசினை அதற்கேற்றாற்போல் வையுங்கள். சொட்டுச் சொட்டாக ஆகும் வரை, ஒரு இருபது நிமிடம், காத்திருங்கள்.

4. போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் கறுப்பு மாவு போல ஒட்டியிருக்கும், அது சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்கு இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய வாஷர் சில சமயம் சேம்பரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, புது வாஷரோடு போல்ட்டை முதலில் கையாலேயே மாட்டுங்கள். மரை சரியாகப் பிடித்த பிறகுதான் ஸ்பேனர். அழுத்தி முறுக்காதீர்கள், அலுமினிய சேம்பரில் மரை போனால் பெரிய செலவு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு கையேட்டில் இருக்கும்.

5. ஃபில்டரைக் கழற்றுங்கள். கழற்றியதும் அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது என்ஜினிலேயே ஒட்டியிருக்கிறது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் முழுவதும் தரையில் இருக்கும். புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். காகித ஃபில்டர் தனியாக உள்ளே போகும் வண்டிகளில் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள்.

6. கையேட்டில் உள்ள அளவை விட அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் சரி.

7. ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இருங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையும் முன் முறுக்கினால் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்திருக்காது. ஒரு நிமிடம் ஓடியதும் குனிந்து போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, அணைத்துவிடுங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருக்கும். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, மேல் கோடு வரை ஊற்றுங்கள். அதைத் தாண்ட வேண்டாம்.

இரண்டு நாளில் ஆயில் கறுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள், டீசல் என்ஜினில் அப்படித்தான். பயப்பட வேண்டிய நிறம் காபியில் பால் கலந்த மாதிரி வரும் நிறம். கூலன்ட் உள்ளே கலந்திருக்கலாம். அளவு மேல் கோட்டைத் தாண்டி டீசல் வாசனை அடித்தால், போன வாரம் மாற்றியிருந்தாலும் ஆயிலை மாற்றிவிட்டு டிபிஎஃப்பைக் காட்டுங்கள்.

கழிவு ஆயிலைக் கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசுவது ஊரில் பழைய வழக்கம். அது மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும். பழைய டப்பாவில் ஊற்றி, கழிவு ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

டீசல் ஃபில்டரில் தண்ணீர்

நிற்கும் வண்டிக்கு ஆயிலுக்கு அடுத்து இதுதான் முக்கியம். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிருக்கு ஈரம் படிந்து தண்ணீராகச் சேரும். டீசலை விடத் தண்ணீர் கனம். அடியில் போய்த் தங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாக வழவழப்பாக ஒன்று உருவாகி ஃபில்டரை அடைக்கும்.

பெரும்பாலான டீசல் ஃபில்டரின் அடியில் கையால் திருகும் ஒரு திருகு இருக்கும். மாதம் ஒரு தடவை என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடி பாட்டிலைப் பிடித்து அதைக் கொஞ்சம் திறங்கள். பாட்டிலை அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாகவும் மேலே டீசல் தனியாகவும் பிரிந்து தெரியும். வெறும் டீசல் வரும் வரை விட்டு மூடுங்கள். ஃபில்டரையே மாற்றினால் ஏர் பிடித்துக்கொள்ளும். கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன்ரெயில் வண்டியில், என்ஜின் ஓடும்போது டீசல் குழாய் எதையும் லூஸ் செய்து பார்க்காதீர்கள். அந்த அழுத்தம் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

மற்றவை

ஏர் ஃபில்டரை ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பின்னும் திறந்து பாருங்கள். நின்ற வண்டியில் எலி அதற்குள் தேங்காய் நாரும் துணியும் சேர்த்துக் குடித்தனம் நடத்தும். ஒயரையும் கடித்து வைக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த பிரேக் ஆயில் மலை இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் தரை வரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வால்பாறையில் இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

டயரில் பட்டன் (தரையைத் தொடும் பகுதியின் வரிகள்) தேயாமல் இருக்கும், ரப்பர் மட்டும் வயதாகிவிடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரில் முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் போக எனக்கு மனம் வராது. கூலன்ட்டைக் குளிர்ந்த என்ஜினில் மட்டும் பாருங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் அதற்கும் கிலோமீட்டரோடு வருடக் கணக்கு உண்டு. பழைய வண்டி வாங்கியவர்கள் எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் நிறுத்தப்போகிறீர்கள், ஆயில் மாற்றும் நேரமும் நெருங்கிவிட்டது என்றால், நிறுத்தும் முன்பே மாற்றிவிடுங்கள். எடுக்கும்போது மாற்றலாம் என்று விட்டால், அந்த இரண்டு மாதமும் அமிலம் சேர்ந்த பழைய ஆயிலில்தான் பேரிங் ஊறும். புது ஆயிலோடு ஒரு நீண்ட சுற்று ஓட்டி, டேங்கை நிரப்பி, டயரில் காற்றைச் சரிபார்த்து, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். தேதி, மீட்டர், ஆயில் பெயர், ஃபில்டர் எண் நாலையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுங்கள்.

மறுபடி எடுக்கும் நாளில் செல்ஃப் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை மூன்று: டிப்ஸ்டிக் பார்ப்பது, டீசல் ஃபில்டரில் தண்ணீர் எடுப்பது, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி இல்லை என்று உறுதி செய்வது.